சிலேட்டு இறங்கிய இடம்

மே 26, திங்கள்

எட்டாவது மாடி! இதை எழுதும்போது என் காலுக்குக் கீழே எட்டு வீடுகள் இருக்கின்றன. காலையில் மினி லாரி வந்தது. கட்டில், பீரோ, அம்மாவின் இட்லிக் கொப்பரை, தட்டுகள், என் பட்டச் சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் கோப்பு எல்லாம் பின்னால் ஏறின. சிலேட்டு மட்டும் காய்கறிக் கூடைக்குள், மேலே வலை கட்டி, என் மடியில். வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் "உக்கும்" என்றது. டிரைவர் சிரித்தார். "புறாவுக்கும் வீடு ஒதுக்கிட்டாங்களா பாப்பா?" என்று கேட்டார். நான் வலையை இழுத்துக் கட்டினேன். சிலேட்டுதான் மறுபடி "உக்கும்" என்றது.

லிஃப்டில் நான்கு முறை போய்வந்தேன். இரண்டு முறை சாமான் ஏற்ற. மற்ற இரண்டும் சும்மா.

கூண்டைப் பால்கனியில் வைத்தாயிற்று. புது இடத்தில் நாற்பது நாள் புறாவை வெளியே விடக்கூடாது என்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். கதவுக்குக் கம்பியை வளைத்து இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டேன். இன்று முதல் நாள். இன்னும் முப்பத்தொன்பது.

அம்மா இட்லிக் கொப்பரை இருக்கும் சாக்கைப் பிரிக்கவில்லை. "இப்ப இன்னா அவசரம்? இங்க யாரு வந்து நிக்கப் போறா?" என்றாள். பழைய வீட்டருகே, ஆற்றுப் பாலத்தடியில் இருபது வருஷம் இட்லிக் கடை போட்டவள். காலை ஐந்தரைக்கே ஆள் நிற்பார்கள். இங்கே நாங்கள் இறங்கியபோது மொத்தக் கட்டடத்திலும் எங்களை யாருக்கும் தெரியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

மே 27, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. எட்டாவது மாடியில், தானாக!

மே 31, சனி

வேலை கிடைத்துவிட்டது!! எழும்பூர்ப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசை. திங்கட்கிழமை சேர வேண்டும். எங்கள் குடும்பத்தில் மேசைக்குப் பின்னால் உட்காரப்போகிற முதல் ஆள் நான்தான்.

நேர்காணலுக்கு முந்தின நாள் வழக்கம்போல் சிலேட்டிடம்தான் ஒத்திகை பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முதல் எல்லா வாய்மொழித் தேர்வுக்கும் அதுதான் எனக்குத் தேர்வாளர். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். மனிதர்களிடம் பேசும்போது அவர்களுடைய இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கின்றன. அதுதான் எனக்குக் கஷ்டம்.

அதன் பூர்வீகத்தை எழுதி வைக்கிறேன். பழைய வீட்டுக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கத் தெருவில் கபிரியேல் அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மாடியில் அறுபது பந்தயப் புறா. ஒரு குஞ்சுக்கு வலது கால் விரல் சுருண்டு இருந்தது. "இது தேறாது" என்று எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார். நான் கேட்டு வாங்கி வந்தேன். அரைத்த பொட்டுக்கடலையைச் சிரிஞ்சில் ஊட்டினேன். கரும்பலகை நிறத்தில் இறகு முளைத்தது. அதனால் சிலேட்டு. இரண்டு வருஷம் கழித்து அவரே விளையாட்டுக்கு அதைத் திருப்பெரும்புதூர் வரை வண்டியில் கொண்டுபோய் விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் அது எங்கள் கூரையில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

ஜூன் 2, திங்கள்

முதல் நாள். நோயாளிகளின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவதுதான் முக்கிய வேலையாம். இதை ஏன் முன்பே சொல்லவில்லை? "தனலட்சுமி" என்று நான்கு முறை கூப்பிட்டேன். முதல் வரிசையில் இருந்த தனலட்சுமிக்கே கேட்கவில்லை. மேற்பார்வையாளர் தில்ஷாத் மேடம், "வேணி, கூப்பிடுறியா, காதுல ரகசியம் சொல்றியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் சுழல் நாற்காலி!

ஜூன் 6, வெள்ளி

சிலேட்டு கூண்டின் ஒரே மூலையில் நிற்கிறது. மற்ற மூன்று மூலையிலும் எச்சம் இல்லை. சூரியனை வைத்துப் பார்த்தால் அது வடக்கு மூலை, ஊர் இருக்கிற பக்கம். கம்புத் தீனியை இடம் மாற்றி வைத்தும் பார்த்தேன். தின்றுவிட்டு மறுபடி அங்கேயே போகிறது.

அம்மாவும் பகலெல்லாம் பால்கனியில்தான் இருக்கிறாளாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். "உங்கம்மா சாப்புடக்கூட உள்ள போறதில்ல. புறாவும் அவங்களும் ஒரே தெசையப் பாத்துக்கினு ஒக்காந்துருக்காங்க."

புறாவுக்குத் துணையாக இருக்கிறாள். நல்லதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் பன்னிரண்டு மணிக்குத் தூங்கினேன். இரண்டு மணிக்கு எழுந்தேன். கூண்டு திறந்திருக்கிறது. சிலேட்டு இல்லை.

மாலை.

மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, பக்கத்துக் கட்டடங்கள் ஏழு, பின்னால் இருக்கிற சதுப்பு நிலம், எல்லாம் பார்த்தேன். இல்லை. இன்று பதினான்காம் நாள்தான்.

அம்மா, "காத்துல தொறந்துக்கினு இருக்கும்" என்றாள். என்னைப் பார்க்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். கம்பியில் நான் போட்ட இரண்டு முறுக்கும் பிரிந்து நேராக இருந்தது. இங்கே காற்று பலம்தான். எட்டாவது மாடி அல்லவா.

ஜூன் 9, திங்கள்

கம்பு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். காகம் தின்றுவிட்டது.

சென்டரில் ஒருவர், "எம்மா, உடம்பு சரியில்லையா? எங்களுக்குப் பதிலா நீ ஸ்கேன் எடுத்துக்கோ" என்றார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, சோறு பிசைந்த கையோடு ஒரு உருண்டை உருட்டித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன். தினமும் அதற்கு வைப்பது. அம்மா அந்த உருண்டையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கடைசியில் நானே தின்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

இருக்கிறது! இருக்கிறது! இருக்கிறது!

மதிய இடைவேளையில் ஓட்டமும் நடையுமாகப் பாலத்துக்குப் போனேன். எங்களைக் காலி செய்து இடித்த இடத்தைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்கள். பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தால் உள்ளே தெரியும். எல்லாம் செங்கல்லும் சிமெண்டும். தொண்ணூறு வீடு இருந்த இடம் இவ்வளவு சின்னதா? குவியலுக்கு நடுவே ஒரு கரும்புள்ளி அசைந்தது. என் சிலேட்டு! முப்பது கிலோமீட்டர்! யாரிடம் வழி கேட்டது? எத்தனை கட்டடம், எத்தனை கம்பி, எத்தனை பருந்து! எனக்கு நெரிசலில் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகிறது.

கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் இளநீர் வண்டிக்காரர், டிராஃபிக் போலீஸ், ஸ்கூட்டரில் ஒரு குடும்பம். வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படியும் ஆனந்தம் தாங்கவில்லை. மதியம் முழுக்க எல்லோரையும் பெயர் தப்பாகக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நெஜமா பாத்தியா? அங்கயா கீது?"

"ஆமாம்மா."

"கொழாயடி கீதா?"

"இருக்கு. குழாய் மட்டும் இல்ல."

"மாரியம்மா வூட்டாண்ட முருங்க மரம்?"

"இல்லம்மா. சிலேட்டு நல்லா இருக்கு, கொஞ்சம் இளைச்ச மாதிரி..."

"நம்ம தரை கீதா?"

நான் புறாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் தரையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தரை அவள் போட்டது. டைல்ஸ் கடையில் உடைந்து கழித்த துண்டுகளைச் சாக்கில் சேர்த்து வந்து, ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து பதித்தாள். ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

நாளை முதல் பஸ்ஸைப் பிடிக்கிறேன். கம்பு டப்பாவும் கூடையும் எடுத்து வைத்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

கத்தினேன்.

ஆறே கால் மணி. பாலத்தில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிட்டது. டப்பாவை ஆட்டினேன். டப்பா சத்தம் பஸ் சத்தத்தில் காணாமல் போனது. கூப்பிடத்தான் வேண்டும். நான் கூப்பிடுவது "பா... பா... பா..." என்று, கடைசிப் "பா"வை மேலே இழுத்து. வீட்டுக் கூரையில் மெதுவாகச் சொன்னாலே போதும். இங்கே இரண்டு முறை மெதுவாகச் சொன்னேன். மூன்றாவது முறை என்ன ஆயிற்றோ தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது! சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். நடைபயிற்சிக்காரர் ஒருவர் காதில் இருந்த ஒயரைக் கழற்றினார்.

சிலேட்டு தலையைத் தூக்கியது. எழும்பியது. ஒரு வட்டம். நேராக என்னிடம்! பாலத்துக் கைப்பிடிச் சுவரில், இரண்டு கை தூரத்தில், உட்கார்ந்தது. சுருண்ட விரல். ஒற்றைக் கண். "வா" என்றேன். ஓர் அடி வந்தது. இன்னோர் அடி. தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தது. போய்விட்டது. குவியலில் அதே இடத்தில் இறங்கிக்கொண்டது.

மறுபடி எட்டு மணி வரை கத்தினேன். அதற்குப் பிறகு பாலத்தடியில் கருவிகளால் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அது வரவில்லை.

சென்டருக்குப் போனால் தொண்டையில் காற்றுதான் வருகிறது. பெயர்களைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதித் தூக்கிக் காட்டினேன். தில்ஷாத் மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "இருந்த கொஞ்ச குரலையும் எங்கம்மா தொலைச்ச?"

ஜூன் 12, வியாழன்

மழை. போகவில்லை. அது நனைந்திருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் குவியலில் இல்லை.  பூனையா? பருந்தா? பாலத்தின் இரண்டு பக்கமும் ஓடினேன். பிறகு ஏதோ தோன்றி நிமிர்ந்தேன். அக்கரையில் கபிரியேல் அண்ணன் மாடி. கூண்டுக்கு மேல் வரிசையாகப் புறாக்கள். ஓரத்தில் கறுப்பாக ஒன்று, பறக்காதபடி இறக்கையில் நூல் கட்டி.

நான் இதுவரை ஒருவர் வீட்டுக் கதவையும் தனியாகத் தட்டியதில்லை. தட்டினேன். அவர் மனைவி ஃபிலோ அக்கா திறந்தார்.

"யாரு? இட்லிக்கார அம்மா பொண்ணா? வா வா. இன்னா இப்படி எளைச்சிட்ட!"

கபிரியேல் அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். என் குரல் பாதிதான் வந்தது.

"இன்னாம்மா, காத்து மட்டும் வருது? சத்தம் எங்க?"

"சிலேட்டு... என்னோடது."

"கண்ணு, நேத்து மழையில நனைஞ்சிக்கினு என் மாடியில வந்து எறங்குச்சு. என் மாடியில எறங்குனா எனக்கு. ஊரு ஆட்டமே அதான். உனக்குத் தெரியாததா?"

"நீங்க வேணாம்னு போட்டது."

"போட்டேன். முட்டை யாருது?"

"முட்டை உங்களோடது. விரல் சுருண்டதும் உங்களுக்கு வேணாம். திருப்பெரும்புதூர்லேருந்து வந்ததும் வேணுமா?"

சொல்லிவிட்டேன்! என் வாய்தான்! ஃபிலோ அக்கா பக்கென்று சிரித்தார். "பொண்ணு பேசாதுன்னு சொன்னியே, கேட்டுக்க."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் நியாயஸ்தர். கீழே தீவனக் கடை வைத்திருக்கும் உசேன் பாயைக் கூப்பிட்டார். புறாக்காரர்கள் சண்டைக்கெல்லாம் அவர்தான் தீர்ப்பு. பாய் இரண்டு பக்கமும் கேட்டார். முடிவு: ஞாயிறு காலை ஆறு மணி. பாலத்தின் நடுவிலிருந்து பாய் கையால் விடுவார். யாரும் கூப்பிடக் கூடாது, டப்பா ஆட்டக் கூடாது. யார் வீட்டில் இறங்குகிறதோ அவர்களுக்கு.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. யார் வீட்டில்?

ஜூன் 14, சனி

அம்மாவிடம் சொன்னேன். என்னோடு வா என்றேன்.

"நான் அங்க காலு வைக்க மாட்டேன்" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். 

ஆறுக்குப் பத்து நிமிடம் முன்பே போய்விட்டேன். எட்டு ஆண்கள், ஃபிலோ அக்கா, நான். புறா ஆட்டம் என்றால் அந்தத் தெருவில் தூக்கம் ஏது? உசேன் பாய் நூலை அறுத்து, சிலேட்டை இரண்டு கையிலும் ஏந்தி, "பிஸ்மில்லா" என்று சொல்லி மேலே வீசினார்.

ஒரு வட்டம். இரண்டு வட்டம். வெயில் பட்டு இறக்கையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னியது. மூன்றாவது வட்டத்தில் நேராகக் கபிரியேல் அண்ணன் மாடிக்கு மேல் போனது. இறங்குவதற்காகக் காலை நீட்டியது. அந்தப் பக்கத்து ஆட்கள் "ஓ!" என்று கத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"திரும்பிருச்சு!" என்றது ஃபிலோ அக்காவின் குரல்.

கண்ணைத் திறந்தேன். சிலேட்டு ஆற்றைத் தாண்டி, தகரத்தைத் தாண்டி, குவியலின் நடுவில் இறங்கி இறக்கையை மடித்தது.

நான் துள்ளிக் குதித்தேன். அண்ணனின் நண்பர் ஒருவர், "இரு இரு. வூட்ல எறங்குனாதான கணக்கு? அது வூடா? வெறும் இடம். யாருக்கும் இல்ல. திரும்ப வுடணும்" என்றார். இன்னொருவர் ஆமாம் என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாய் கையைத் தூக்கினார்.

"பாப்பா, உன் வூடு எங்க இருந்துச்சு?"

"அது உக்காந்திருக்கிற எடம்தான்."

"எல்லாம் ஒரே கல்லா கீது. எப்படிச் சொல்ற?"

 படிக்கட்டில் இறங்கினேன். தகரத்தில் ஓர் இடைவெளி. காவலாளி, "ஏய், யாரும்மா அது?" என்றார். என் காதில் விழுந்தது, கால் நிற்கவில்லை. குவியல் மேல் ஏறினேன். சிலேட்டு அசையாமல் என்னையே பார்த்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து செங்கல்லைக் கையால் ஒதுக்கினேன். சிமெண்ட் பொடி. இன்னும் ஒதுக்கினேன். நீலம் வந்தது. பக்கத்தில் பூப்போட்ட மஞ்சள். அதற்கடுத்து பாதி மீன் படம். ஒன்று போல் இன்னொன்று இல்லை.

எழுந்து நின்று பாலத்தைப் பார்த்துக் கத்தினேன். "இது எங்கம்மா போட்ட தரை! இந்தக் கறுப்பு, அடுப்பு இருந்த எடம்! இது வாசப்படி! இங்கதான் நான் படிச்சேன்! இதான் எங்க வீடு!"

பாலத்தில் இருந்தவர்கள் கைப்பிடிச் சுவருக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். காவலாளியும் நின்றுவிட்டார். வீடு இருந்தபோது நான் அதில் ஒருநாளும் சத்தமாகப் பேசியதில்லை.

கபிரியேல் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அது வூட்லதான்யா எறங்கியிருக்கு. தூக்கிக்கினு போம்மா."

ஜெயித்துவிட்டேன்! குனிந்து கையை நீட்டினேன். ஏறிக்கொண்டது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. என்னுடையதும். அதன் முகம் எனக்குப் பக்கவாட்டில். ஒற்றைக் கண். இப்போது கூடையில் போட்டு, பஸ் ஏறி, எட்டாவது மாடிக்குப் போய், கம்பியை இன்னும் இரண்டு முறுக்கு அதிகமாக முறுக்க வேண்டும். நாற்பது நாள் இல்லை. எப்போதுமே. அது வடக்கு மூலையில் நிற்கும்.

பாலத்துக்கு ஏறி வந்து அதை அண்ணன் கையில் கொடுத்தேன்.

"நீங்களே வச்சுக்கோங்க. கூண்டை மட்டும் மூடாதீங்க. நூலும் கட்டாதீங்க."

"மூடலன்னா அங்கதான போவும்?"

"போகட்டும். மழை வந்தா உங்க மாடிக்கு வரும். தீனி வைங்க."

"அப்ப எதுக்கும்மா ஞாயித்துக்கெழம என் தூக்கத்தைக் கெடுத்த?"

"என்னோடதுன்னு தெரியணும்ல."

அவர், "பேசாத பொண்ணாம்" என்று பாயிடம் சொன்னார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் என் மடியிலிருந்த வெறும் கூடையைப் பார்த்து, "காய் வாங்கப் போறியா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு இறங்கும் வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எவ்வளவு அழுதாலும் கூடையை விடாமல் பிடித்திருந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

நேற்று அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கூடையைப் பார்த்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள். இன்று நான் வேலையிலிருந்து வந்து காலைக் கழுவும்போது குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"எந்த எடத்துல எறங்குச்சு?"

"அடுப்புப் பக்கத்துல. மீன் படம் போட்ட துண்டு இருக்கே, அதுகிட்ட."

"அது ஒடையலையா?"

"பாதி இருக்கும்மா."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "நமக்குக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுத்தாங்க. அதுக்கு யாரு குடுத்தா?" என்றாள். பிறகு, "ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டு வந்துரும்னு நெனச்சேன்" என்றாள்.

கம்பியைப் பிரித்தது யார் என்று நான் கேட்கவில்லை. முகம் துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 18, புதன்

ஃபிலோ அக்கா போனில் படம் அனுப்பினார். மாடிச் சுவரில் சிலேட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைச் சேவல் புறா. "மாப்பிள்ள பாத்தாச்சு" என்று எழுதியிருந்தார்! படத்தைத் தில்ஷாத் மேடத்திடம் காட்டினேன். இரண்டு நோயாளிகளிடமும் காட்டினேன். யாரும் கேட்கவே இல்லை, நானாகவே காட்டினேன்.

இரவு உருண்டை உருட்டவில்லை. கை மட்டும் ஒருமுறை உருட்டப் போய் நின்றது.

ஜூன் 22, ஞாயிறு

விடிவதற்கு முன் அம்மா குளித்து, மாம்பழ நிறப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா?"

"புறாவப் பாக்க. வேற எதுக்கு?"

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் எட்டிப் பார்த்தாள். பாலம் வந்ததும் எனக்கு முன்னால் இறங்கிவிட்டாள். நான் வழி காட்டவே வேண்டியிருக்கவில்லை. தகர இடைவெளியில் புடவையைத் தூக்கிப் பிடித்து நுழைந்தாள். தெரு இருந்த இடத்தில் தெருவில் நடப்பது போலவே நடந்தாள். வளைய வேண்டிய இடத்தில் வளைந்தாள். எங்கள் வாசல் இருந்த இடத்தில், வெறும் கல் மட்டுமே இருந்தபோதும், செருப்பைக் கழற்றினாள்.

சிலேட்டு இருந்தது. வெள்ளைச் சேவல் தகரத்தின் மேல் தள்ளி நின்று பார்த்தது. அதற்கு இந்த இடம் புதுசு.

அம்மா அந்தத் தரையில் முந்தானையால் பொடியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். மடியிலிருந்து கம்பை எடுத்து இறைத்தாள். சிலேட்டு அவள் கால்மாட்டில் வந்து கொத்தியது. அம்மா புறாவிடம்தான் பேசினாள். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவர்களைப் பற்றி ஒவ்வொருவராக அதற்குச் சொன்னாள். மாரியம்மா எந்தக் கட்டடத்தில், தையல்கார சாமுவேல் எந்த மாடியில், யாருக்கு வீடே கிடைக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். சில இடத்தில் சிரித்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு கண்ணாலும்.

வெயில் ஏறியது. காவலாளி வந்தார். இந்த முறை அவர் சத்தம் போடவில்லை. "பெரிய ஆபீசர் வர்ற நேரம்மா. எழுந்திருங்க" என்றார்.

நாங்கள் எழுந்தோம். சிலேட்டு எழவில்லை.